அக்காவின் தெர்மோஸ்டாட்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பின்னால் யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஏசியைப் பதினாறில் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று ஐம்பது வயதை நெருங்கும்வரை நம்பிக்கொண்டிருந்த ஆள் நான். வண்டி வேகமாகப் போக வேண்டுமென்றால் ஆக்சிலேட்டரை மிதிக்கிறோம். அறை வேகமாகக் குளிர வேண்டுமென்றால் எண்ணைக் குறைக்கிறோம். இதில் என்ன தப்பு என்பது என் கட்சி. மனைவியிடம், அலுவலகத்தில், பஸ் ஸ்டாப்பில், ஏசி சர்வீஸுக்கு வந்தவரிடம்கூட இதை விளக்கியிருக்கிறேன். சர்வீஸுக்கு வந்தவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒப்புதல்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் மேசையில், ஃபேன் காற்றில் தாள் பறக்காமல் இருக்க ஒரு சாமான் வைத்திருக்கிறேன். உள்ளங்கையில் அடங்கிவிடும். வட்டமான ஒரு தகடு, அதன் நடுவே கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளைக் குப்பி, குப்பியைச் சுற்றி ஒரு ஸ்பிரிங். வீட்டுக்கு வந்த ஒருவர் இதைப் பம்பரம் என்று நினைத்துச் சுற்றிப் பார்த்தார். இது கார் இன்ஜினிலிருந்து கழற்றிய தெர்மோஸ்டாட். கெட்டுப்போனது. எங்கள் அக்காவின் மேசையில் இருந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது. தினமும் ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்க்கிறேன். குப்பியின் பக்கவாட்டில் ஒரு எண் பொறித்திருக்கிறது: எண்பத்திரண்டு. அது எத்தனை டிகிரியில் திறக்க வேண்டும் என்பதன் கணக்கு என்று சொன்னவளும் அக்காதான்.

அக்கா என்னைவிடப் பெரியவள். எவ்வளவு பெரியவள் என்று எழுதினால் மேலேயிருந்து திட்டு விழும். கடலோரமாக உள்ள ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தாள். எங்கள் குடும்பத்தில் கல்லைத் தூக்கிப் போட்டால் ஒரு டீச்சர் மேல்தான் விழும். அத்தை, சித்தி, அப்பா எல்லாரும் சாக்பீஸ் தின்று வளர்ந்தவர்கள். நான் மட்டும் இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்குத் தப்பி ஓடினேன். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மயிலாப்பூர் வீட்டின் மாடியில் அவள், கீழே நானும் என் மனைவியும். காலையில் மாதா கோயில் மணி அடித்ததும் பூசைக்கு முதல் ஆளாகப் போவாள். திரும்பி வரும்போது சாமியார் பிரசங்கத்தில் சொன்ன ஏதாவது ஒன்றைத் திருத்திக்கொண்டே படியேறுவாள்.

வீட்டில் அப்போது ஒரே ஏசிதான், கீழே ஹாலில். மே மாதம் வந்தால் மாடி தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்துவிடுவாள். அன்றிலிருந்து அக்கினி நட்சத்திரம் முடியும்வரை ரிமோட்டுக்காக எங்களுக்குள் போர். நான் பதினாறு, அவள் இருபத்தேழு. நான் ரிமோட்டைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைப்பேன். அவள் தேடவே மாட்டாள், நேராகப் போய் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவாள். எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்திருக்கும் என் மனைவி, "ரெண்டு பேரும் வளர்றதுக்குள்ள எனக்கு வயசாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வாள்.

ஒரு தடவை அக்கா எனக்கு நிதானமாக விளக்கினாள். அவள் நிதானமாகப் பேசினால்தான் பயம். "டேய், உன் அவசரம் அந்த மெஷினுக்குத் தெரியாது. ஓடு, நில்லு. ரெண்டே ரெண்டு வார்த்தைதான் அதுக்குத் தெரியும். ரூம்ல சூடு எவ்வளவு இருக்குன்னு பார்த்துகிட்டே ஒருத்தன் உட்கார்ந்திருக்கான். நீ சொன்ன அளவு வந்ததும் நில்லுங்கறான், சூடு ஏறினா ஓடுங்கறான். அவன்தான் தெர்மோஸ்டாட். பதினாறுன்னு வெச்சாலும் ஒரே வேகத்துலதான் ஓடும். அந்தப் பதினாறு வரவே வராது, அதனால அவன் நில்லுன்னு சொல்லவே மாட்டான், ராத்திரி பூரா ஓடும். அயர்ன் பாக்ஸ்ல டக்குன்னு சத்தம் கேக்குதுல்ல, ஃபிரிட்ஜ் திடீர்னு அமைதியாகுதுல்ல? எல்லாம் அவன் வேலைதான்." நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, பதினேழுல வைக்கட்டுமா?" என்றேன். அக்கா அன்று தலையணையை எடுத்துக்கொண்டு அந்தத் தோசைக்கல்லுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சில மாதங்களில் நோய் வந்தது. பெயரை எழுதப் பிடிக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த பெயர்தான். ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். அடையாற்றில் ஒரு சிறிய மருத்துவமனை. காலையில் போனால் மதியத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இந்தச் சுற்று முழுவதும் முடிய வேண்டும், பாதியில் விட்டால் ஆரம்பித்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும். எங்கள் பழைய வெள்ளைக் காரில் நான் கூட்டிப்போய்க் கூட்டி வருவதாக ஏற்பாடு. முடி போனதற்கோ வாந்திக்கோ அக்கா முகம் சுளிக்கவில்லை. அவளைத் தோற்கடித்தது குளிர். "மருந்து இறங்கறப்போ உள்ளே இருந்து குளிருதுடா," என்றாள். "போர்வைக்கு வெளியில இருக்கிற குளிருன்னா பரவாயில்ல. இது எலும்புக்குள்ள இருக்கு." மருந்து ஏற்றும் அறையும் குளிர்சாதன அறை. இருபத்தேழுக்காக என்னோடு சண்டை போட்டவள், நீலப் போர்வை போர்த்திக்கொண்டு சாய்வு நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் வெள்ளையாக ஒரு சின்னப் பெட்டி இருந்தது. மேலே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி, அதற்கு ஒரு பூட்டு. தெர்மோஸ்டாட். நர்ஸிடம் கேட்டேன். "எல்லா ரூமுக்கும் சேர்த்து வெச்சிருக்கு சார், சாவி எங்ககிட்ட இல்ல," என்றாள், வருத்தமாகத்தான். என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அது வேலை செய்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆபத்து. பெட்டிக்கு நேர் கீழே ஒரு விளிம்பு இருந்தது. கொண்டுபோன காபி ஃபிளாஸ்கின் மூடியைத் திறந்து, ஆவி நேராகப் பெட்டி மேல் போகிற மாதிரி அங்கே வைத்தேன். அந்த இடம் சூடானால் அறையும் சூடாகும் என்பது என் திட்டம். கொஞ்ச நேரத்தில் மேலே இருந்த காற்றுத் துவாரங்கள் எல்லாம் உறுமத் தொடங்கின. எதிர் நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் மஃப்ளரை இழுத்துக் காதைச் சுற்றிக்கொண்டார். அக்கா கண்ணைத் திறந்தாள். ஃபிளாஸ்கைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நோய் வந்த பிறகு அவள் முதல்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

"அவனுக்குச் சூடு காட்டினா ரூம் வெந்து போச்சுன்னு நினைச்சு இன்னும் குளிர்காத்தை அனுப்புவான்டா, அறிவாளி," என்றாள். "இவ்வளவு பெரிய ரூம்ல அவனுக்குத் தெரியறது அவனைச் சுத்தி இருக்கிற நாலு விரல் காத்துதான்." பிறகு அவளே கைக்குட்டையைக் குடிக்கிற தண்ணீரில் நனைத்துப் பிழிந்து என்னிடம் கொடுத்தாள். அதைப் பெட்டி மேல் போர்த்தச் சொன்னாள். போர்த்தினேன். கொஞ்சம் கொஞ்சமாக உறுமல் அடங்கியது. அக்காவின் உதடு நடுங்குவதும் நின்றது. அறையில் ஓர் அமைதி வந்தது, ஃபிரிட்ஜ் நிற்கும்போது வருமே, அந்த மாதிரி. அது நீடிக்கவில்லை. தள்ளியிருந்த நாற்காலியில் ஒரு அம்மா புழுங்குகிறது என்று தாளால் விசிறிக்கொள்ளத் தொடங்கினார். அவருக்கு ஏற்றியது வேறு மருந்து. அது உடம்பைக் கொதிக்க வைக்குமாம். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "எடுத்துடு," என்றாள். "அக்கா, உனக்கு..." என்று இழுத்தேன். "அந்தம்மாவுக்கு வேகுதுடா, எடு," என்றாள். எடுத்துவிட்டேன். மறுபடியும் குளிர் வந்தது.

அன்று வீட்டுக்கு வந்து, படியேறப் போகும் முன்னால் நின்று சொன்னாள்: "இனிமே நான் வரலை." சாதாரணமாக, நாளைக்கு மீன் வேண்டாம் என்று சொல்கிற குரலில். வலியைத் தாங்கிக்கொள்ளலாம், இந்தக் குளிரைத் தாங்க முடியாது, இப்படி நடுங்கிக்கொண்டே உயிரைப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன என்றாள். நான் ஜோக் அடித்துப் பார்த்தேன்; எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். பலிக்கவில்லை. என் மனைவி அழுதாள், அதுவும் பலிக்கவில்லை. கடைசியில், அடுத்த முறை மட்டும் வா, அதற்குப் பிறகு நான் கேட்கவே மாட்டேன் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன். கேட்காமல் எப்படி இருக்கப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த அடுத்த முறை, மருந்து முடிந்து திரும்பி வருகிறோம். நல்ல மே மாத மதியம். அடையாறு பாலத்தில் பஸ்ஸும் ஆட்டோவும் ஒன்றையொன்று முட்டாத குறையாக நின்றன. டேஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது; பானெட் ஓரத்திலிருந்து லேசான ஆவி. நான் பதறி வண்டியை அணைக்கப் போனேன். பின்னாலிருந்து ஹாரன். அக்கா பக்கத்து சீட்டில் போர்வைக்குள் சுருண்டிருந்தவள் தலையை மட்டும் வெளியே நீட்டி முள்ளைப் பார்த்தாள்.

"ஏசியை நிறுத்து. ஹீட்டரைப் போடு."

"என்னத்தை?"

"ஹீட்டர்டா. அந்தக் குமிழைச் சிவப்புப் பக்கம் முழுசாத் திருப்பு. ஃபேனை முழுசா வை. இன்ஜின் சூட்டை நாம வாங்கிக்கலாம்."

அந்தக் குமிழ் அந்தப் பக்கம் போனதே இல்லை. சென்னையில் காரின் ஹீட்டரைப் போட்டவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. சிவப்பு வண்ணம் அழகுக்காகப் போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். கறக் கறக் என்று சத்தத்தோடு திரும்பியது. வருடக்கணக்காக உள்ளே கிடந்த தூசி முதலில் வந்தது. பிறகு சூடு வந்தது. அடுப்பு வாயைத் திறந்த மாதிரி. சட்டை முதுகோடு ஒட்டியது. கண்ணுக்குள் வியர்வை இறங்கியது. கண்ணாடியை இறக்கப் போனேன். "தொடாதே," என்றாள். பக்கத்து ஆட்டோக்காரர், மே மாதத்தில் கண்ணாடி ஏற்றிக்கொண்டு உள்ளே வெந்துகொண்டிருக்கும் என்னை ஒரு பார்வை பார்த்தார். முள் மேலே ஏறாமல் நின்றது, பிறகு ஒரு நூல் இறங்கியது. ஊர்ந்து ஊர்ந்து பாலத்தைத் தாண்டினோம்.

மந்தைவெளி வந்தபோதுதான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். போர்வையைத் தள்ளியிருந்தாள். இரண்டு கையையும் காற்றுத் துவாரத்துக்கு எதிரே, பூசையில் சாமியார் நீட்டுவது போல, நீட்டிவைத்திருந்தாள். கன்னத்தில் வாரக்கணக்காகக் காணாத நிறம். "இதுதான்டா ஏசி," என்றாள். வீடு வந்த பிறகும் இறங்கவில்லை. நான் நனைந்த கோழியாக வெளியே நின்று பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தேன். அவள் மூடிய காருக்குள் இருந்த அந்தச் சூட்டை வீணாக்காமல் கடைசி வரை உட்கார்ந்து தீர்த்துவிட்டு இறங்கினாள். படியேறும்போது திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்: "வர்றேன். மிச்சத்துக்கும் வர்றேன். திரும்பி வரும்போது ஹீட்டர் போடணும்."

அந்த இரவு என் மனைவி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான் கார் முன்னால் போய் நின்று ஒரு கும்பிடு போட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன், மனைவி பார்த்துவிட்டாள்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்ததில்தான் என் புத்திசாலித்தனம் மறுபடியும் குறுக்கே வந்தது. சூடேறிய வண்டியைச் சரிபார்க்க கே.கே. நகரில் எங்கள் மெக்கானிக்கிடம் விட்டேன். பல வருடப் பழக்கம். கைராசிக்காரர், வாய்க்கும் குறைச்சல் இல்லை. சாயந்திரம் போனபோது பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை என் கையில் வைத்தார். "இந்தா சார், இதான் வில்லன். பாதியில மாட்டிகினு கீது, முழுசா தொறக்கவே இல்ல. கயட்டிட்டேன். இனிமே வண்டி சூடே ஆவாது. இது நம்மூருக்கு எதுக்கு சார்? பனில ஓட்றவனுக்குத்தான் இது." வண்டி சூடே ஆகாது என்ற வாக்கியம் என் காதில் தேனாகப் பாய்ந்தது. இன்ஜின் குளிர்ச்சியாக இருந்தால் நல்லதுதானே, பதினாறு மாதிரி. அக்காவிடம் சொல்லாமலேயே, செய்தித்தாள் பொட்டலத்தை டேஷ்போர்டுக்குள் போட்டுவிட்டேன்.

அடுத்த முறை மருந்து முடிந்து வெளியே வந்தாள். வண்டியில் ஏறியதும் குமிழை அவளே சிவப்புக்குத் திருப்பினாள். காற்று வந்தது, சூடு இல்லை. ஆறிப்போன காபி மாதிரி ஒரு வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அவள் கையை நீட்டிப் பார்த்தாள், மடக்கிக்கொண்டாள், முள்ளைப் பார்த்தாள். முள் அடியிலேயே கிடந்தது. பாலம் தாண்டியது, மந்தைவெளி வந்தது, முள் அசையவில்லை. அக்கா போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "எடுத்துட்டாரா உன் மெக்கானிக்?"

நான் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பல் கிட்டிக்கிற நடுக்கத்தோடு, "அந்தக் கொஞ்ச நேரம்தான்டா எனக்குத் திரும்ப உயிர் வர்ற நேரம்," என்றாள். வீடு வந்ததும் மாடிக்குப் போய்விட்டாள். அடுத்த தேதி என்று காலண்டரில் வட்டம் போட்டிருந்ததை மறுநாள் பார்த்தேன். அவளே பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தாள்.

மெக்கானிக்கிடம் ஓடினேன். "அதைத் திரும்ப மாட்டு," என்றேன். "இன்னா சார், ஊட்டிக்கா போறீங்க?" என்று சிரித்தார். நான் ஹீட்டர் வேண்டும் என்றேன். பட்டறையில் இருந்த எல்லாரும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாத இடத்திலெல்லாம் நான் ஜோக் அடிக்கிறவன். "எனக்குக் கொஞ்சம் குளிர் ஜாஸ்தி," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். வண்டி அப்படியே வீடு திரும்பியது.

என் மனைவி மாடிக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை பூசை முடிந்ததும் அக்கா தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு காரில் வந்து உட்கார்ந்தாள். "கே.கே. நகர் போ," என்றாள். வழியில் அசோக் நகரில் ஒரு உதிரிபாகக் கடையில் நிறுத்தச் சொல்லிப் புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்டாள். பட்டறையில் இறங்கி, அடுக்கிவைத்திருந்த டயர் மேல் உட்கார்ந்தாள். பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு பாத்திரம் கொதிக்கிற தண்ணீர் வரவழைத்தாள். மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாத்தியார்களுக்கு முன்னால் எல்லாருக்கும் கை தானாகக் கட்டிக்கொள்கிறது.

கையோடு கொண்டுவந்திருந்த பழையதையும் புதியதையும் நூலில் கட்டித் தண்ணீருக்குள் விட்டாள். புதியது, கொஞ்சம் பொறுத்து, சத்தமே இல்லாமல் வாயைத் திறந்தது. பழையது பாதி திறந்து அப்படியே நின்றது. "கரண்டு இல்ல, ஒயர் இல்ல, பாருங்க," என்றாள். "இந்தக் குப்பிக்குள்ள மெழுகு இருக்கு. கோயில்ல ஏத்தற மாதிரி மெழுகுதான், கொஞ்சம் வேற வகை. இன்ஜின் சூடானா மெழுகு உருகிப் பெருகும், கதவைத் தள்ளும், தண்ணி ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து வரும். ரொம்பக் குளிர்ந்தா மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் கதவைச் சாத்திடும். குளிர வைக்கறது மட்டும் இதோட வேலை இல்ல. சூடு குறையாம பார்த்துக்கறதும் இதுதான். இன்ஜினுக்கும் ஒரு சூடு வேணும். அது இல்லாட்டி பெட்ரோலைக் குடிக்கும், ஆயில் கெட்டியா நிக்கும், உள்ளே தேஞ்சுகிட்டே போகும்."

மெக்கானிக் மசியவில்லை. அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். "அக்கா, நீங்க சொல்றது கரெக்டு. ஆனா இது மாட்டிகினா வண்டி ரோட்ல நிக்கும், இன்ஜினே கயிண்டுடும். வண்டிக்காரன் யாரைத் திட்டுவான்? என்னைத்தான். எடுத்துட்டா ஒரு கம்ப்ளெய்ண்டும் வராது. தேயிறது எவனுக்குத் தெரியுது?"

அக்கா பாத்திரத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஆற ஆறப் புதியது மெதுவாக மூடிக்கொண்டிருந்தது. "நீங்க சொல்றதும் நியாயம்தான்," என்றாள். பிறகு ஸ்கார்ஃபைக் கொஞ்சம் தளர்த்தினாள், வேண்டுமென்றே செய்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "ஆனா எனக்குக் குளிருதுப்பா. அடையாறுல மருந்து ஏத்திகிட்டு வீட்டுக்கு வர்ற வரைக்கும் எனக்கு அந்த ஹீட்டர்தான். இவன் அதைச் சொல்லியிருக்க மாட்டான், வெட்கப்படுவான்."

மெக்கானிக் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பிறகு அவர், லிஃப்டில் ஏற்றியிருந்த வேறொரு வண்டியை அப்படியே விட்டுவிட்டு எங்கள் வண்டியின் பானெட்டைத் திறந்தார். முடித்துவிட்டு, இன்ஜினை ஓட விட்டு, ஹீட்டரைப் போட்டு, அந்தத் துவாரத்துக்கு எதிரே தன் கையைத் தானே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்துவிட்டார். "ஏறிக்கோங்கக்கா. சூடா கீது."

மிச்சம் இருந்த எல்லாத் தேதிக்கும் அக்கா வந்தாள். காலண்டரில் போட்டிருந்த கோட்டை அழிரப்பரால் அழித்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் சட்டையைப் பிழிகிற அளவுக்கு நான் நனைவேன். அவள் கையை நீட்டிக்கொண்டு, பழைய மாணவிகளின் வம்பு, சாமியாரின் இலக்கணப் பிழை என்று பேசிக்கொண்டே வருவாள். அந்தச் சுற்று முடிந்த நாளில் கெட்டுப்போன தெர்மோஸ்டாட்டைத் துடைத்துத் தன் மேசையில் வைத்துக்கொண்டாள். பாதி திறந்து நின்றுவிட்டதால் அதைத் தனக்குப் பிடிக்கும் என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நல்ல வருடங்கள் சில கிடைத்தன. இரண்டு மூன்று மே மாதங்கள் மறுபடி ரிமோட்டுக்காகச் சண்டை போட்டோம். பிறகு நோய் திரும்பி வந்தது, இந்தத் தடவை மருந்து எதுவும் வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அக்காவைக் கீழே ஹாலுக்குக் கொண்டுவந்து கட்டில் போட்டோம். ஒரு மதியம், போர்வையைக் காலால் தள்ளிவிட்டு, ஏசியைப் போடச் சொன்னாள். ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, எத்தனையில் வைக்கட்டும் என்று கேட்டேன். வழக்கமான பதிலுக்குக் காத்திருந்தேன். "உனக்கு எது வேணுமோ அதுல வைடா," என்றாள். வாழ்நாளெல்லாம் கேட்ட வரம். பதினாறுக்கு அழுத்த என் விரல் வரவில்லை. இருபத்தேழில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த வாரம் முடியவில்லை, அக்கா போய்விட்டாள். அடக்கப் பூசையில் கடைசி வரிசையில் மெக்கானிக் நின்றிருந்தார், சலவைச் சட்டையில். விரல் நகத்தில் கிரீஸ் மட்டும் போகவில்லை. கோயிலுக்குள் எப்போது உட்கார்வது, எப்போது எழுவது என்று தெரியாததால் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார்.

இப்போதும் எங்கள் ஹால் இருபத்தேழில்தான் இருக்கிறது. மனைவி விசிறிக்கொள்கிறாள், ஆனால் ரிமோட்டைத் தொடுவதில்லை. அறை குளிர எவ்வளவு நேரம் ஆகும், எப்போது தெர்மோஸ்டாட் நில்லு என்று சொல்லும் என்பதெல்லாம் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். தெரிந்து ஆவதென்ன, சண்டைக்கு ஆள் இல்லை.

போன வாரம் மந்தைவெளி சிக்னலில் காரின் முள் மறுபடியும் மேலே ஏறியது. யோசிக்காமல் என் கை ஏசியை நிறுத்திக் குமிழைச் சிவப்புக்குத் திருப்பியது. சூடு வந்தது. பக்கத்து சீட்டுக்கு எதிரே இருந்த துவாரத்திலிருந்தும் வந்தது. அந்த சீட்டில் ஒரு காய்கறிப் பைதான் இருந்தது. கொத்தமல்லி வாடி மடங்குவதைப் பார்த்துக்கொண்டே கே.கே. நகர் வரைக்கும் ஓட்டினேன். அந்தத் துவாரத்தை மூடத் தோன்றவில்லை.

மெக்கானிக்குக் கிருதா நரைத்துவிட்டது. பானெட்டுக்குள் குனிந்து, கழற்றி, துணியால் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். அக்கா அசோக் நகரில் வாங்கியது. என் மேசையில் இருப்பதைப் போலவே வட்டத் தகடு, பித்தளைக் குப்பி, எண்பத்திரண்டு. இன்னும் சூடு ஆறியிருக்கவில்லை. "இதுவும் மாட்டிகினு கீது சார்," என்றார். நான் அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்: "விட்டுடுப்பா, வேற போட வேணாம். நீ அப்பவே சொன்னதுதான் சரி, நம்ம ஊருக்கு எதுக்கு இது? இனிமே ஹீட்டர் யாருக்கு வேணும்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. திரும்பிப் போய் அலமாரியிலிருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்துப் பிரித்துக்கொண்டே சொன்னார்:

"அக்கா திட்டும் சார்."